முனைக்குச் சொல்

ரெனீட்டா சும்மா நிற்கும்போதும் அவள் கைகள் சும்மா இருப்பதில்லை. தேவாலயத்தில் பாட்டு முடிந்து எல்லோரும் கண்மூடியிருக்கும் நேரத்திலும், மீன் கடையில் பொட்டலத்துக்காகக் காத்திருக்கும்போதும், இரண்டு முன்கைகளும் இடுப்பருகே மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருக்கும். இல்லாத கயிறுகளை அவை சுற்றிக்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைப்பார்கள். எங்கள் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்தாலே கால் பரபரக்கும்.

பால்டிமோரின் மேற்குப் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகளின் வரிசையில், என் வீட்டுக்கு அடுத்ததற்கு அடுத்தது அவள் வீடு. நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "கேட்டவங்க நிறைய. நான்தான் கயித்தைக் கீழ வைக்கலை" என்பாள். விடியற்காலையில் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போய்ப் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். அந்த வேலைக்கும் எதிரே இன்னொருத்தி நிற்க வேண்டும். மதியத்துக்குமேல் வந்து கொஞ்சம் தூங்குவாள். வெயில் சாய்ந்து சுவர்களெல்லாம் ஆரஞ்சு நிறமாகும்போது, இரண்டு நீளக் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவாள்.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் ஆட்டம் இரட்டைக் கயிறு. இருவர் எதிரெதிரே நின்று, கைக்கொரு கயிறாகப் பிடித்து உள்நோக்கிச் சுற்ற, மூன்றாமவள் நடுவில் புகுந்து குதிக்க வேண்டும். எல்லோரும் பார்ப்பது குதிப்பவளைத்தான். சுற்றுகிறவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, முனை என்போம். கயிற்றுக்கு முனை இருக்கும், அவ்வளவுதான். கை தாளம் தவறுகிறவளை 'ரெட்டைக் கை' என்று கேலி செய்து விரட்டிவிடலாம். கை நன்றாக வந்து கால் வராதவள் பாடு அதைவிட மோசம். அவள் நிரந்தர முனை. பொழுது சாயும்வரை அவள் சுற்ற, மற்றவர்கள் பறப்பார்கள்.

ரெனீட்டா சின்ன வயதிலிருந்தே நிரந்தர முனை.

"ஒருநாள் எல்லாரும் ஐஸ் வாங்கப் போனாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "திரும்பி வந்தப்ப ஆளுக்கொரு கப், மேல மார்ஷ்மல்லோ. என்னைப் பாத்துட்டு ஒருத்தி, 'அடடே, நீயும் இருந்தியா'ன்னா. காலையிலேருந்து அவளுக்குத்தான் சுத்திக்கிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். கைகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடையில், எங்கள் தெருப் பெண்கள் கைபேசியிலேயே ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெளியே வருவதையே விட்டுவிட்டாள். அப்போதுதான் ரெனீட்டா தன் பழைய கயிறுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு விதியும் வந்தது.

"குதிச்சு முடிச்சு வெளிய வர்றவ, ரெண்டு முனைக்கும் ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். 'தேங்க்ஸ்'னு மட்டும் சொன்னா செல்லாது. அதைக் கடையில பில் போடுற மெஷின்கூடச் சொல்லுது. அவ உனக்கு என்ன செஞ்சான்னு சொல்லு. இப்ப செஞ்சதா இருக்கலாம், போன வாரம் செஞ்சதா இருக்கலாம். முனையில நிக்கிறவ பதில் பேசக் கூடாது. கேட்டுக்கணும்."

முதலில் எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நீ... ம்... நல்லா சுத்தினே" என்று தரையைப் பார்த்து முணுமுணுப்போம். "எப்படி நல்லா?" என்று கூட்டம் கத்தும். "முனைக்குச் சொல்லு! முனைக்குச் சொல்லு!" என்று கைதட்டல் எழும். போகப்போக, சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று வாரம் முழுக்க ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்கினோம். டீச்சர் என் பேரைத் தப்பாக் கூப்பிட்டப்ப எனக்கு முன்னாடி நீ திருத்தினே. பஸ்ஸுல ஒருத்தி என் முடியைத் தொட வந்தப்ப அவ கையைத் தட்டிவிட்டே. நான் அழுதுட்டு வந்தப்ப ஒண்ணுமே கேக்காம உன் சிப்ஸ் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினே. கேட்டுக்கொண்டிருப்பவள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். பதில் பேசக் கூடாது என்பதால் அந்தச் சொல் எங்கும் சிந்தாமல் அவளுக்குள்ளேயே போய்ச் சேரும்.

பிறகு கயிறு மறுபடி சுற்றும். தார்ச்சாலையில் டிக்டிக்கென்ற அந்த ஓசை கேட்கக் கேட்கத் தெரு மெல்ல மிதக்க ஆரம்பிக்கும். உள்ளே குதிப்பவளுக்கு வீடுகள் தெரியாது, கார்கள் தெரியாது. காற்றாலான சுவர்களுக்குள் ஓர் அறை, தலைக்கு மேலே வந்து வந்து போகும் இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும்வரை யாருக்கும் எதுவும் ஆகாது என்று தோன்றும்.

சனாய் வந்தது பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு ஜனவரியில். ரெனீட்டாவின் தங்கை ஷெரீஸின் மகள்; பன்னிரண்டு வயது. ஷெரீஸ் இறந்துபோனபின் பெண்ணை ரெனீட்டா அழைத்து வந்தாள். ரெனீட்டாவின் தம்பி லாமண்ட் தென் கரோலினாவில் இருக்கிறான். பெரிய வீடு, தோட்டம், சனாய் வயதிலேயே இரண்டு பெண்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை அவன் காரில் வருவதாகவும், எங்கே இருப்பது என்பதை அன்று சனாயே சொல்லட்டும் என்றும் இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று ரெனீட்டா எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். சனாய்க்குத் தெரியாது.

"சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன் ஒரு நாள்.

"எப்படிடி சொல்ல? சர்ச்சுல பாத்தியா, ஒவ்வொருத்தியும் அவ தாடையைப் பிடிச்சு, 'ஆன்ட்டிக்கு நன்றியோட இரு பேபி, நன்றியோட இரு'ங்கிறாளுங்க. சாப்பிட்டா தேங்க்ஸ், ஷூ வாங்கிக் குடுத்தா தேங்க்ஸ், கதவைத் திறந்துவிட்டா தேங்க்ஸ். விருந்தாளி மாதிரி இருக்கா. நான் 'இரு'ன்னா, அதுக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு இருந்திடுவா. அப்படி ஒருத்தியை வீட்ல வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு."

ஜூனில் சனாய் முதன்முறையாகக் கயிற்றுக்கு வந்தாள். அப்படியொரு குதிப்பை நாங்கள் பார்த்ததில்லை. கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. நடுவில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுத் திரும்பினாள். முடித்து வெளியே வந்தவள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு நேரே நடைபாதைக்குப் போனாள்.

"ஏய் புதுசு! முனைக்குச் சொல்லு!" என்றாள் மக்காயா. பதின்மூன்று வயது; எங்கள் தெருவின் வாய்.

"என்ன சொல்லணும்?"

மக்காயா விதியைச் சொன்னாள். சனாய் முழுக்கக் கேட்டாள். பிறகு, சத்தமே இல்லாமல், "நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"ஏன், நாக்கு தேஞ்சிடுமா?"

"தேஞ்சேபோச்சு. ஜனவரியிலேருந்து எல்லாருக்கும் சொல்லிட்டேதான் இருக்கேன். படுக்கைக்குச் சொல்லியாச்சு. கோட்டுக்குச் சொல்லியாச்சு. அம்மா சாவுக்குக் கேசரோல்னு சாப்பாடு கொண்டுவந்தாங்களே, அதுக்கெல்லாம்கூடச் சொல்லியாச்சு. தெருவுல வந்து குதிக்கிறதுக்குமா?"

 ஒரு முனையில் ரெனீட்டா நின்றிருந்தாள். முகம் மாறியது. ஆனால் முனையில் நிற்பவள் பேசக் கூடாது. தான் போட்ட விதிக்குள் தானே நின்றுகொண்டிருந்தாள்.

மக்காயாதான் தீர்ப்புச் சொன்னாள். "சொல்லாதவ குதிக்கக் கூடாது. நீ நிரந்தர முனை. போ, அந்தப் பக்கம் பிடி."

எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சனாய் வீட்டுக்குள் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ரெனீட்டாவுக்கு எதிரே போய் இரண்டு கயிறுகளையும் கையில் எடுத்தாள்.

தண்டனை என்ன ஆகும் என்பதை மக்காயா யோசித்திருக்கவில்லை. சனாய் வாயே திறக்க வேண்டியதில்லை. குதித்து வெளியே வருகிற ஒவ்வொருத்தியும் இப்போது ரெனீட்டாவுக்குச் சொல்லிவிட்டு, திரும்பி சனாய்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். "உன் முழங்கை நேரா இருக்கு." "நீ... கொட்டாவி விடலை." மக்காயா வேண்டுமென்றே, "நீ வாயை மூடிட்டு இருந்தே, அதுக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சனாயும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கயிறு சுற்றுவதில் பொய் சொல்ல முடியாது. கை எப்படிச் சுற்றுகிறது என்பது குதிப்பவளின் காலுக்கு உடனே தெரிந்துவிடும். எட்டு வயது ஜர்னி உள்ளே புகுவதற்குப் பயந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். சனாய் யாருக்கும் தெரியாமல் தன் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் மெதுவாக்கி, வாசல் திறப்பதுபோல் திறந்து வைத்தாள். ஜர்னி உள்ளே போய்விட்டாள். ஆறு முறை குதித்து, கால் சிக்கி, மூச்சிரைக்க வெளியே வந்தவள், சனாயின் முன் நின்று, "எனக்காகக் கயித்தை அகலமாக்கினே, நான் பாத்தேன்" என்றாள்.

சனாயின் கண் கலங்கியதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காததுபோல் இருந்தார்கள்.

ஜூலை முழுவதும் அப்படியே போனது. ஈரக் காற்று, யாரோ வீட்டு ஜன்னலிலிருந்து வரும் பழைய பாட்டு, எங்கோ நண்டு வேகும் வாசனை. தெருவின் நடுவே, கயிறுகளின் இரு பக்கங்களிலும் பெரியம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்று சுற்றினார்கள். வீட்டுக்குள் பேசிக்கொள்ளாத இருவர். இங்கே ஒருத்தி மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தால் இன்னொருத்திக்கு உடனே தெரிந்தது. இவள் வேகம் கூட்டினால் அவள் கேட்காமலே கூட்டினாள். கயிறுகள் சுற்றும் வேகத்தில் நடுவில் வெளிச்சமே ஒரு முட்டைபோல் உருண்டு நிற்கும். அந்த வெளிச்சத்தின் வழியாக அவர்கள் இருவரும் வெகு தூரத்தில் இருப்பதுபோலவும், மிக அருகில் இருப்பதுபோலவும் எனக்குத் தோன்றும். சில நேரம் யாரும் உள்ளே இல்லாமலே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஓசை மட்டும் இருக்கும். யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டோம்.

மக்காயா மூன்றாவது வாரமே தண்டனையை ரத்து செய்துவிட்டாள். "வா, குதி. போதும்." சனாய் தலையாட்டி மறுத்தாள். "எனக்கு இங்கயே பிடிச்சிருக்கு."

ஆகஸ்டில் ஒரு மாலை, கயிற்றைச் சுருட்டும்போது சனாய் கேட்டாள்: "ஆன்ட்டி, உனக்கு எல்லாரும் சொல்றாங்க. நீ யாருக்குச் சொல்லியிருக்கே?"

ரெனீட்டா சிரிக்கப் பார்த்தாள். "நான் குதிக்கிறதில்லையே பேபி. எனக்குக் கால் வராது. குதிக்கிறவதான் சொல்லணும்."

"அதாவது எப்பவுமே சொன்னதில்லை."

"அது... விதி அப்படி."

"நல்ல விதி" என்றாள் சனாய். "நீயே போட்டதில்ல?"

பக்கத்தில் நின்ற எனக்குக் காது சிவந்தது. ரெனீட்டா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சுருட்டி முடித்தபின்னும் கை நிற்கவில்லை. அன்று என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தவள், ஐஸ் போட்ட டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. "சின்ன வயசுல யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லலைன்னுதான் அந்த விதியைப் போட்டேன்" என்றாள் கடைசியில். "எனக்கு வேணும்னு போட்டது. கேட்டுக் கேட்டு வயிறு நிறைஞ்சுபோச்சு. இத்தனை வருஷம் எனக்கு அது தெரியவேயில்லை பாரு."

அந்தச் சனிக்கிழமை லாமண்ட் வந்தான். விடியுமுன் கிளம்பியிருந்தான், காரின் பின் இருக்கை முழுக்கப் பீச் பழப் பெட்டிகள். மதியம் சாப்பிட்டபோது சனாய் வழக்கம்போலத் தட்டைப் பார்த்தபடி இருந்தாளாம். "யோசிச்சியாம்மா?" என்று அவன் கேட்டதற்கு, "சாயங்காலம் சொல்றேன் மாமா" என்றாளாம். மாலையில் எல்லோரும் தெருவுக்கு வந்தோம். லாமண்ட் காரில் சாய்ந்து நின்று கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான்.

கயிறு சுற்றத் தொடங்கியது. இரண்டு பேர் குதித்து முடித்தார்கள். மூன்றாவதாக யாரும் போவதற்கு முன் ரெனீட்டா தன் முனைகளை மக்காயாவிடம் நீட்டினாள்.

"இதைப் பிடி."

"மிஸ் ரெனீட்டா, எங்க போறீங்க?"

"உள்ள."

 தெரு வெடித்தது. "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கடா!" என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல். "அக்கா, வேணாம், முட்டி போயிடும்!" என்று கோழிக்காலை ஆட்டியபடி லாமண்ட். ரெனீட்டா யாரையும் பார்க்கவில்லை. சலவைக்கூடத்து வெள்ளை ஷூவோடு கயிற்றருகே நின்று, எத்தனையோ பெண்களை உள்ளே அனுப்பிய அந்த உடம்பு எப்போது போவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஆடியது. ஜர்னி ஆடியதுபோலவே.

சனாய் தன் பக்கத்தைத் தாழ்த்தினாள். மெதுவாக்கினாள்.

ரெனீட்டா உள்ளே போனாள். ஒரு குதி. இரண்டாவது குதியில் கயிறு கணுக்காலில் சுற்றிக்கொள்ள, மக்காயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. "முனைக்குச் சொல்லு" என்று ஜர்னி மட்டும், பழக்கத்தில், மெல்லச் சொன்னாள்.

ரெனீட்டா மக்காயாவைப் பார்த்தாள். "அன்னைக்கு இவளை அந்தப் பக்கம் நிக்க வச்சே. நீ நினைச்சது ஒண்ணு, ஆனது ஒண்ணு. இருந்தாலும் வச்சே." பிறகு நடந்து போய் சனாயின் முன் நின்றாள். மூச்சு இன்னும் வாங்கியது.

"விடிகாலை வேலைக்குப் போகணும்னு நான் ராத்திரி சீக்கிரமே படுத்துடுவேன். நீ டிவி பாப்பே. சத்தத்தைச் சுத்தமா அணைச்சுட்டு, படத்தை மட்டும் பாப்பே. நான் தூங்கிட்டேன்னு நினைச்சே. கதவிடுக்கு வழியா அந்த நீல வெளிச்சம் என் கூரையில ஆடும். நான் தூங்கலை. தினமும் அதைப் பாத்துட்டுப் படுத்திருப்பேன். ஷெரீஸ் போனதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வந்தது அந்த வெளிச்சத்துலதான். அதை உங்கிட்ட சொல்லவேயில்லை." நிறுத்தினாள். "நீ இங்க இருக்கணும்னு எனக்கு ஆசை. நீ போனாலும் நான் இப்ப சொன்னது சொன்னதுதான். அதுக்கு நீ எனக்கு எதுவும் திருப்பிச் சொல்ல வேணாம்."

முனையில் நிற்பவள் பேசக் கூடாது. சனாய் பேசவில்லை. கயிறுகளை இறுகப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை, வெளுத்த மாலை மட்டும் இருந்தது. 

பிறகு அவள் கயிற்றை ஜர்னியின் கையில் கொடுத்தாள். ரெனீட்டா தன் இடத்துக்குப் போய் மக்காயாவிடமிருந்து முனைகளை வாங்கிக்கொண்டாள். ஜர்னியின் சின்னக் கைகளால் கயிறு கோணலாகத்தான் சுற்றியது. அந்தக் கோணலுக்குள் சனாய் புகுந்தாள். ஜூனில் பார்த்த அந்தப் பறத்தல் இல்லை. மெல்ல, ஏதோ கனவில் நடப்பதுபோல, கயிறு எங்கே வருகிறதோ அங்கே கால் வைக்காமல் குதித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஜர்னியிடம், "கை வலிச்சும் நிறுத்தலை" என்றாள். பிறகு ரெனீட்டாவிடம் வந்தாள்.

"எல்லாரும் அம்மாவைப் பத்திப் பேசு பேசுன்னாங்க. நீ மட்டும் கேக்கவே இல்லை." கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்ணு. நீ மக்ரோனி பண்றது அம்மா பண்ற மாதிரி இல்லை. அதுவும் நல்லதுதான். அவங்க மாதிரியே இருந்திருந்தா என்னால சாப்பிட்டிருக்க முடியாது."

ரெனீட்டா வாயைத் திறந்தாள். கூட்டம் முழுக்க, "பேசக் கூடாது!" என்று கத்தியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் கயிறு இருந்தது.

"சரி, என் கதை என்ன?" என்றான் லாமண்ட் காரருகிலிருந்து. "பெட்டி எடுக்கணுமா வேணாமா? இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"பெட்டி எடுக்கணும் மாமா" என்றாள் சனாய். "பீச் பெட்டி. இறக்குங்க."

மறுநாள் காலை அவன் கிளம்பிப் போனான். நான் தேவாலயத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது என் கதவை யாரோ தட்டினார்கள். சனாய் நின்றிருந்தாள், இடுப்பில் ஒரு பெரிய பாத்திரம், நிறையப் பழங்கள். தெருவின் மேல்முனையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டே வந்திருந்தாள். பழங்களின் மேல் இன்னும் தென் கரோலினாவின் தூசி ஒட்டியிருந்தது.

"ரெண்டு எடுத்துக்கோங்க. இல்லை, நாலு எடுங்க" என்றாள். "எங்க வீட்டுல நிறைய இருக்கு."